எண்பத்தைந்து குதிரைகள்

பட்டைகள் நான்கும் விறைத்து நிற்க,
இருந்த இடத்திலேயே
மணிக்கு நூற்றுப்பத்து மைல் ஓடி முடித்த கார்
மூச்சு வாங்குகிறது.
திரையில் முந்நூற்றுப் பதினெட்டு.

எலிசியோ சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுக்கிறான்.
நான்காக மடித்தது; மடிப்பில் மை உதிர்ந்தது.
பியூப்லோ நகரின் மறுகோடியில், வேறொரு டைனோவில்,
அக்காள் புருஷன் கசிமிரோ ஓட்டி வாங்கியது.
நானூற்று மூன்று.
அந்த எண்ணுக்குத்தான் இவன் விலை கொடுத்தான்.

"எண்பத்தைந்து குதிரைகள் எங்கே?"

இரவோடு இரவாக நரியாகி ஓடிவிடவில்லை அவை.
டார்லா மிக்லிச் கையுறையைக் கழற்றுகிறாள்.
வாரம் ஒருவராவது இப்படி வந்து நிற்கிறார்கள்,
கையில் சீட்டோடு,
ஜாதகம் பொருந்தாத பிள்ளையைப் பெற்றவர்கள் மாதிரி.

"அங்கே இருப்பது ஒற்றைப் பெரிய உருளை.
தன் எடை அதற்குத் தெரியும்.
எவ்வளவு சீக்கிரம் சுழற்றினாய் என்று மட்டும் கணக்குப் பார்க்கும்.
பத்து நொடி. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது.
என்னுடையதில் மின்காந்தப் பிரேக்.
ஏறு என்று சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொள்ளும்.
அதற்குள் எஞ்சின் காய்ந்து,
உள்ளே போகும் காற்றும் காய்ந்துவிடும்.
உருளைகள் வேறு இரண்டு, சின்னவை.
டயரைக் கீழே இரண்டு இடத்தில் கடிக்கும்.
தொட்டுப் பார்."

தொடுகிறான். கையை இழுத்துக்கொள்கிறான்.

"அந்தச் சூட்டில் இருக்கின்றன கொஞ்சம் குதிரைகள்."

கொள்ளைக் கண்டால் வாயைத் திறப்பதும்
கடிவாளம் கண்டால் மூடிக்கொள்வதும்
ஒரே குதிரைதான்.
ஆனாலும் அதில் இருபத்து நான்குதான் அடங்கும்.
மிச்சம் அறுபத்தொன்று?

அவள் சீட்டின் அடிவரியில் விரலை வைக்கிறாள்.
எறும்பு எழுத்தில் ஒரு பெருக்கல் எண்:
ஒன்று புள்ளி ஒன்று எட்டு.

கடலுக்கு மேலே நாலாயிரத்து எழுநூறு அடி இந்த ஊர்.
காற்று மெலிந்தது; எஞ்சினுக்கு அரை வயிறு.
கடலோரத்தில் இருந்திருந்தால் இவ்வளவு என்று
சூத்திரம் கூட்டிக் கொடுக்கும்.
ஆனால் இந்தக் காரில் டர்போ இருக்கிறது.
மெலிந்த காற்றை அது தானே அமுக்கித் தானே ஊட்டிக்கொண்டது,
முக்கால் பசி தீரும்வரை.
வெள்ளம் வாசலோடு நின்ற வீட்டுக்கும்
கூரை வரை மூழ்கியதாக நிவாரணம்.

"உன்னிடம் அந்தச் சூத்திரம் இல்லையா?"

இருக்கிறது. ஒரு பொத்தான்தான்.
அழுத்துகிறாள்.
எஞ்சின் அணைந்திருக்கிறது. உருளைகள் அசையவில்லை.
முந்நூற்று எழுபத்தைந்து.
இன்னொரு முறை அழுத்துகிறாள்.
முந்நூற்றுப் பதினெட்டு.

வெளியே யாரோ இரும்புக் கூண்டில் பச்சை மிளகாய் சுடுகிறார்கள்.
அக்டோபர் முழுக்கக் கொட்டகையில் இந்தக் கமறல்தான்.
எலிசியோ இருமுகிறான்.
கண்ணைத் துடைத்தபடி,
"அதை அச்சடித்துக் கொடுப்பாயா?
அந்த எழுபத்தைந்தை?"

அவள் இரண்டையும் அச்சடிக்கிறாள்.
"சைலன்சரை மாற்றிவிட்டு இங்கேயே வா.
எத்தனை ஏறியிருக்கிறது என்று சொல்கிறேன்.
அந்தப் பத்தோ பன்னிரண்டோ
பொய் சொல்லாது.
எத்தனையிலிருந்து ஏறியது என்று மட்டும் கேட்காதே."

தொண்ணூறு டாலர்.
எண்ணிப் பார்த்து வாங்குகிறாள்.
இதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டில் சாப்பாடு.
மூன்று சீட்டையும் கையுறைப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு
பின்னோக்கி எடுக்கிறான் காரை,
எதை முதலில் நீட்டுவது என்று
இன்னும் முடிவு செய்யாமல்.

டார்லா பட்டைகளைச் சுருட்டுகிறாள்.
இடது பின்பட்டையில் ஒரு பல் கூடுதல்.
காலையில் அவசரத்தில் இறுக்கியது.
மூன்று குதிரைகள் இருக்கும், நாலுகூட.
கதவு வரை போய்ப் பார்க்கிறாள்.
கார் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.